ஊர் திரும்பியவர்கள் நூறு நாள் வேலை கேட்பது எப்படி?

திருப்பூரிலோ சென்னையிலோ வேலை இழந்து ஊர் திரும்பியவர்கள், 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி வேலை கேட்பதற்கு முன், வீட்டில் இருக்கும் வேலை அட்டையில் தங்கள் பெயர் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் ஊராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் என்பது ஆளுக்கு அன்று, குடும்பத்துக்கு (அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் இதை 125 நாள் என்கிறது): அம்மா ஏற்கெனவே 60 நாள் கண்மாய் வேலைக்குப் போயிருந்தால், அந்த நிதியாண்டில் மீதி 40 நாள்தான்.

வேலை வேண்டும் என்பதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள் (இதைக் கேட்கத்தான் பலருக்கும் தயக்கம்); 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப் படி கோருவதற்கு அதுவே சான்று. பணித்தளம் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், கூலியோடு 10 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும்.