பக்கிங்காம் கால்வாயில் ஒரு சாகசக் கதை எழுதுவது எப்படி?

சரித்திர சாகசம் என்றாலே குதிரையும் கோட்டையும்தானா? ஒருமுறை பக்கிங்காம் கால்வாயை எடுத்துப் பாருங்கள். ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர், கடலை ஒட்டியே போகிறது.

முதலில் வருஷத்தை முடிவு பண்ணுங்கள். 1800களின் தொடக்கத்தில் முதலில் வெட்டியபோது சென்னையிலிருந்து எண்ணூர் வரைதான். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாகத் தோண்டியது. அதனால் உங்கள் நாயகன் 1860இல் எண்ணூரில் படகேறி மயிலாப்பூரில் இறங்கினால் கதை அங்கேயே கவிழ்ந்தது. பஞ்சத்தில் மண் சுமந்த ஒரு பெண்ணையே நாயகியாக்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் வேகம். காற்றடித்தால் பாய் விரிப்பார்கள், இல்லையென்றால் ஒருவர் கரையில் கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்க இன்னொருவர் கழியால் தள்ளுவார் (பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ என்ற பயணக் கவிதையைப் படித்தால் அந்த உழைப்பு கண்ணில் நிற்கும்). இந்த வேகத்தில் துரத்தல் காட்சி எழுதினால் சிரிப்புதான் வரும், கரையில் நடந்து வரும் போலீஸ்காரரே பிடித்துவிடுவார். அதனால் ஓட வைக்காதீர்கள், ஒளிய வையுங்கள். உப்பு வரி இருந்த காலம், விறகு ஏற்றிய படகு, அடியில் கள்ள உப்பு. லாக்குக்குள் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) நுழைந்ததும் முன்னும் பின்னும் கதவை மூடிவிடுவார்கள், நீர்மட்டம் சமமாகிற வரை எங்கேயும் போக முடியாது. அந்த நேரத்தில் உப்பு இலாகா ஆள் குனிந்து விறகுக்கு நடுவே ஒரு கம்பியைச் செருகுகிறார், உருவுகிறார், நுனியை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். இதைவிட என்ன சண்டைக்காட்சி வேண்டும்?

கடல் ஓதம் ஏறி இறங்குவதையும் மறக்காதீர்கள், தண்ணீர் வற்றினால் படகு தரைதட்டும்.

இடம் பார்க்கப் போனால் இன்றைய நாற்றத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன, அதைப் பார்த்து அந்தக் கால அகலத்தைக் கணக்குப் போடவும் வேண்டாம்.

உச்சக்கட்டத்துக்குத் தேதி வேண்டுமென்றால் 1914 செப்டம்பர் 22. இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீச, துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன, ஊரே பயத்தில் கிளம்பப் பார்க்கிறது. உங்கள் படகு அப்போது பேசின் பிரிட்ஜில் நிற்கட்டும். இருட்டை நம்பி சரக்கு ஏற்றி வந்தவர்களுக்கு வானமே வெளிச்சம் போட்டுவிட்டது, இப்போது என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள்.