உதவித்தொகை இல்லாமல் படிக்க முடியாதவருக்கு எது 'சேஃப்டி' கல்லூரி?

கலை, அறிவியல் பாடங்களைக் கலந்து படிக்கக்கூடிய அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது என்னை அதிகம் திணறடித்தது சேஃப்டி கல்லூரிகளை, அதாவது எப்படியும் இடம் கிடைக்கும் என்று நம்பி விண்ணப்பிக்கும் கல்லூரிகளைத் தேர்ந்தெடுப்பதுதான். விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் இடம் கொடுக்கிற கல்லூரி அமெரிக்க மாணவருக்கு ஆறுதல், நமக்கு அப்படியில்லை. வெளிநாட்டவரின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்ப்பவை ஆம்ஹர்ஸ்ட், போடின் மாதிரி வெகு சிலவே. அங்கே இடம் கிடைப்பதே அரிது. மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் நாம் கேட்கும் தொகையும் முடிவைப் பாதிக்கும்.

எனக்குக் கைகொடுத்தது 'காமன் டேட்டா செட்'. பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் இந்த ஆவணத்தில் எச்6 என்றொரு பகுதி உண்டு. எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரி தன் நிதியிலிருந்து உதவியது, சராசரியாக எத்தனை டாலர் என்று அதில் தெரியும். கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் கூட்டி, அந்தச் சராசரியைக் கழித்தேன். மிச்சத்தை நான்கு வருடமும் அப்பாவால் கட்ட முடியாது என்றால், எவ்வளவு பிடித்த கல்லூரியானாலும் அது சேஃப்டி இல்லை.

ஊஸ்டர், லாரன்ஸ், நாக்ஸ் போன்றவை வெளிநாட்டவருக்கும் மதிப்பெண் அடிப்படையில் உதவித்தொகை தருகின்றன. அது ஆண்டுதோறும் தொடருமா, கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் பணத்துக்கு உறுதி சொல்லும் கல்லூரி ஒன்றும் தேறவில்லை. அதனால் சென்னையில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வைத்தேன்.