முரட்டுத் தாடிக்குச் சவரக்கத்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் உப்பேறிய போர் தண்ணீரில் ஷேவிங் சோப்பைக் குழைத்துப் பாருங்கள். முதலில் நுரை வருகிற மாதிரி இருக்கும். முகத்தில் பூசிய கொஞ்ச நேரத்திலேயே அது அடங்கி, வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். தாடி அடர்த்தியாகவும் முரடாகவும் வளர்கிறவர் அந்த முகத்தில் மடக்குக் கத்தியை வைத்தால் முடியை இழுக்கும், தோல் எரியும். உடனே கத்தி சரியில்லை என்று நினைப்பார், அல்லது இன்னும் கொஞ்சம் அழுத்துவார். முரட்டுத் தாடிக்காரர்களின் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. தண்ணீர் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யப் பார்க்கிறது.

கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறிவிடும். அதனால்தான் நுரை நிற்பதில்லை. டியூபில் வரும் கிரீம்களும் பெரும்பாலும் சோப்பு வகைதான் என்பதால், கிரீமுக்கு மாறினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. நம் பக்கம் இது புதிய பிரச்சினை இல்லை. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதை 1960களின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சவரத்துக்கு மட்டும் மெட்ரோ குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் நனைக்க, நுரை அடிக்க, கத்தி அலச, எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டர் தாராளம். சோப்பு எந்தக் கம்பெனி, பிரஷ் எந்த முடி என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த ஒரு சொம்பு தண்ணீரைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது அவசரம். காய்ந்த தாடி முடி கடினமானது. தண்ணீரை உறிஞ்சினால்தான் அது உப்பி மெத்தென்று ஆகும், அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். முகத்தில் இரண்டு கை தண்ணீரை அடித்துவிட்டு உடனே நுரை பூசினால் முடியின் உள்ளே ஈரம் போயிருக்காது. முடியின் மேல் இயற்கையாக எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால், முதலில் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். குளித்த கையோடு சவரம் செய்வது எல்லாவற்றையும்விட நல்லது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தாடியிலும் சீயக்காய் தேய்த்து எண்ணெய் முழுக்கப் போன பிறகுதான் கத்தி எடுக்க வேண்டும், எண்ணெய் மிச்சம் இருந்தால் நுரையைக் கொன்றுவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் சிவந்து, பிறகு வரும் எரிச்சல் கூடும்.

அப்புறம், சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது கஷ்டம்தான். ஆனால் ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னத்து நுரை காய்ந்துவிட்டால், அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த முடியைத்தான் வெட்டுகிறீர்கள். காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷ்ஷை மறுபடி ஓட்டிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். பிரஷ்ஷை மேலாகப் பூசி விடாமல், முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராகவும் வட்டமாகவும் ஒரு நிமிடம் தேய்த்தால் நுரை முடியின் அடிவரை போகும்.

இனி கத்தி. மூர் மார்க்கெட்டிலோ பழைய சாமான் கடையிலோ நல்ல ஜெர்மன் கத்தி, கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊரின் பெயர் பொறித்தது, கிடைக்கலாம். வாங்கியதும் பலர் செய்வது, தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் நீட்டுவது. தயவுசெய்து வேண்டாம். அரிவாள்மனை, கத்தரிக்கோலுக்கு அவர் கை கெட்டிக்காரக் கை. சவரக்கத்தியின் விளிம்போ மிக மெல்லியது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அது சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். பதம் போன விளிம்பு கூர்மையைத் தாங்காது, அந்தப் பகுதியையே தேய்த்து எடுத்தால்தான் உண்டு. சவரக்கத்தியைத் தட்டையான கல்லில், தண்ணீர் விட்டு, முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி வைத்துத்தான் தீட்ட வேண்டும். கல்லின் நயத்தைச் சொல்லும் எண் கிரிட், எண் கூடக் கூடக் கல் நயமாக இருக்கும். 1000 கிரிட்டில் விளிம்பை அமைத்து, 4000 அல்லது 5000, பிறகு 8000, முடிந்தால் 12000 என்று ஏறிப்போவது வழக்கம். பழகாதவர்கள், தெரிந்தவரிடம் முதல் தடவை தீட்டி வாங்கிக்கொள்வது நல்லது.

கல்லில் தீட்டுவது எப்போதாவதுதான். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல் வாரில் இழுப்பது வேறு வேலை. அதில் முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் வர வேண்டும். திரும்பும்போது முதுகின் மேலேயே கத்தியைப் புரட்ட வேண்டும். விளிம்பை முன்னால் விட்டால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. முரட்டுத் தாடிக்கு அகலம் 6/8 அங்குலமும் கொஞ்சம் கனமும் உள்ள கத்தியைத்தான் நான் சொல்வேன். இரு பக்கமும் குடைந்து மிக மெல்லியதாக்கிய கத்தி பழகாத கையில், தடித்த முடியில் அதிரும்.

கத்தி முகத்தில் படுக்க வேண்டிய கோணம் ஏறக்குறைய 30 டிகிரி. வெட்டவில்லை என்றதும் கை தானாகவே கத்தியை நிமிர்த்தும், அழுத்தும். நிமிர்ந்த கத்தி தோலைச் சுரண்டும். வெட்டவில்லை என்றால் நிறுத்துங்கள். நுரை காய்ந்திருக்கும், இல்லை கூர் போயிருக்கும், இல்லை முடி சரியாக ஊறியிருக்காது. மூன்றுக்கும் அழுத்துவது மருந்தில்லை. இன்னொன்று, இதில் அலட்சியமே கூடாது: கத்தியை ரம்பம் போல நீளவாட்டில் ஒரு மயிரிழைகூட நகர்த்தாதீர்கள். ஆழமான வெட்டுகள் அப்படித்தான் விழுகின்றன.

மறு கையால் தோலை இழுத்துப் பிடிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈர விரல் வழுக்கும் என்பது உண்மை. படிகாரக் கல்லில் விரலைத் தேய்த்துக்கொண்டால் பிடி நன்றாகக் கிடைக்கும். ஆரம்பத்தில் கன்னங்களை மட்டும் கத்தியால் எடுத்து, மோவாயையும் மேலுதட்டையும் வழக்கமான ரேசரில் முடியுங்கள். மோவாயில் முடியும் தடிமன், வளைவும் அதிகம்.

முடி வளரும் திசையைப் பார்க்காமல் கத்தி ஓட்டுவது அடுத்த பெரிய தவறு. இரண்டு நாள் வளர்ந்த தாடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி வளர்வது கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ திரும்பியிருக்கலாம். முதல் சுற்று திசையோடு. மறுபடி நுரை பூசி, இரண்டாவது சுற்று குறுக்கே. அதோடு நிறுத்தினால் போதும். தடித்த சுருள் முடியை எதிர்த்திசையில் ஒட்ட எடுத்தால், முனை தோலுக்குக் கீழே போய், வளரும்போது வளைந்து தோலையே குத்தும். கழுத்தில் வரும் பருப் போன்ற கொப்புளங்கள் பலருக்கு இதுதான். ஊசியால் கிளறாதீர்கள். சில வாரம் கத்தியை விட்டுவிட்டு டிரிம்மரில் குட்டையாக வையுங்கள். சீழ் வைத்தாலோ தழும்பு தடித்தாலோ ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுவது நல்லது.

சலூனில் உட்காருகிறவர்களுக்கும் இது பொருந்தும். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், “அண்ணே, நல்லா ஊற விடுங்க, ரிவர்ஸ் வேணாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகவே கேட்பார். அங்கே இருப்பது பெரும்பாலும் பிளேடு போடும் கத்தி. புது பிளேடை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தம் வழியாகப் பரவக்கூடியவை. வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே மடக்குக் கத்தியைப் பகிர்ந்துகொள்வதும் கூடாது.

கடைசியாகத் துரு. பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. காசிமேடு, எண்ணூர் உப்புக் காற்றில் ஈரத்தோடு மடித்து வைத்தால் சீக்கிரமே விளிம்பில் கறுப்புப் புள்ளி விழும். அலசி, பிடியின் இடுக்குவரை துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே காய விட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும். குளியலறையிலும் தோல் உறையிலும் வைக்காமல், பீரோவில் ஒரு டப்பாவில், ஷூ பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டோடு வையுங்கள்.