பதிந்த இறுவட்டுகளை மீண்டும் வாசிக்க வைத்த விதம்

திருகோணமலையில், கடற்காற்று நேரே வீசும் எங்கள் வீட்டிலுள்ள மடிக்கணினியின் இறுவட்டு இயக்கி, கடையில் வாங்கிய இறுவட்டுகளை வாசித்தபோதிலும், கோணேசர் கோயில் திருவிழாவை நாங்களே பதிந்து வைத்திருந்த இறுவட்டுகளை ஏற்க மறுத்தது. பதியத்தக்க இறுவட்டு, சாயப் படலத்தில் லேசர் ஏற்படுத்திய மாற்றத்தையே தரவாகக் கொண்டிருப்பதாலும் ஒளியைச் சற்றுக் குறைவாகவே தெறிக்கச் செய்வதாலும், இயக்கியில் லேசர் ஒளியைக் குவிக்கும் வில்லையில் (லென்ஸ்) படிந்த மங்கலே காரணமாக இருக்கும் என்று கணித்தேன்.

மின் இணைப்பைத் துண்டித்து, இறுவட்டு வைக்கும் தட்டை வெளியே இழுத்தபோது, மிளகளவு வில்லையின் மீது பால்நிறப் படலம் தெரிந்தது. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொபைல் அற்ககோலில் தோய்த்துப் பிழிந்து, அழுத்தாமல் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். அதன்பின் ஒன்றைத் தவிர எல்லா இறுவட்டுகளையும் இயக்கி வாசித்தது. அந்த ஒன்றை மென்மையான பருத்தித் துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன் (வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு விழும், அதை இயக்கியின் பிழைதிருத்தத்தால் ஈடுசெய்ய இயலாது). வாசித்தவுடனேயே அனைத்தையும் வன்தட்டில் பிரதியெடுத்தேன்.

பலரும் பளபளக்கும் பக்கத்தையே பேணுகிறார்கள், ஆனால் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இறுவட்டில் தரவுப் படலம், பெயர் எழுதும் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அங்கே விழும் ஆழமான கீறலைச் சரிசெய்யவே முடியாது. குமிழ்முனைப் பேனாவைத் தவிர்த்து, நடுத் துளையைச் சுற்றிய தெளிவான வளையத்தில் நீர் சார்ந்த மையுள்ள பேனாவால் எழுதலாம்.