வாட்ச்சை வைத்து லேப்டாப்பைத் திறக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இந்த வசதியை ஆன் செய்திருந்தால், கையில் ஆப்பிள் வாட்ச் இருக்கும்போது ஆப்பிளின் லேப்டாப்பான மேக் தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் நீங்கள் எழுந்து போனால் தானாகப் பூட்டிக்கொள்ளாது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வாட்ச்தான் நம்மோடு வந்துவிட்டதே, லேப்டாப் பூட்டியிருக்கும் என்று நம்பி டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். திரை அணைகிற வரை அது யார் வந்தாலும் திறந்துதான் கிடக்கும். எழும்போது கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்திப் பழகுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய், திரை அணைந்த உடனேயே பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துத்தான் வாட்ச் திறக்கிறது என்று நினைப்பது. அது பார்ப்பது தூரத்தை மட்டும்தான். 2016-ல் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் சியராவோடு இந்த வசதி வந்தபோதே, ப்ளூடூத் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாமல், வைஃபை வழியாகச் சிக்னல் போய்வர ஆகும் நேரத்தை அளந்து வாட்ச் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கணக்கிடும்படி செய்திருந்தார்கள். அதனால் எங்கோ இருக்கிற வாட்ச்சின் சிக்னலைப் பிடித்து இங்கே கொண்டுவந்து ஏமாற்றுவது கடினம். அது நல்ல விஷயம். ஆனால் நீங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் உங்கள் மேக்கின் மூடியைத் தூக்கினால்? வாட்ச் அருகில்தான் இருக்கிறது, திறந்துவிடும். மணிக்கட்டில் சின்னதாக ஓர் அதிர்வு வரும், மேக் திறக்கப்பட்டதாக வாட்ச்சில் காட்டும், அவ்வளவுதான். நீங்கள் லேப்டாப்பைத் தொடாத நேரத்தில் அந்த அதிர்வு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்த பிறகு, ஆப் நிறுவுவது, சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்ப்பது போன்றவற்றுக்கும் வாட்ச்சின் பக்கவாட்டு பட்டனை இரண்டு முறை அழுத்தி அனுமதி தரலாம். கை பழகிவிட்டால் என்ன கேட்கிறது என்று படிக்காமலே அழுத்திவிடுவோம். தயவுசெய்து படியுங்கள், நீங்கள் ஒன்றுமே செய்யாதபோது வந்தால் அழுத்தவே வேண்டாம்.

வாட்ச்சின் பாஸ்கோடாக 1234, பிறந்த வருடம் என்று எதையாவது வைக்கிறார்கள். அந்த நான்கு இலக்கம் இப்போது உங்கள் லேப்டாப்புக்கும் சாவி. செட்டிங்ஸில் ‘சிம்பிள் பாஸ்கோடு’ என்பதை அணைத்துவிட்டால் நான்கைவிட நீளமான எண்ணை வைக்கலாம், வையுங்கள். ஐபோனைத் திறந்தால் வாட்ச்சும் திறக்கும் வசதியை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வீட்டில் பிள்ளை உங்கள் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு விளையாடும்போது நீங்கள் பக்கத்தில் போனைத் திறந்தால், பிள்ளை கையில் இருக்கும் வாட்ச்சும் திறந்துகொள்ளும், அப்புறம் அது மேக்கையும் திறக்கும்.

சரி, சிலருக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் பட்டையைப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் கையில் இல்லை என்று நினைத்து வாட்ச் தன்னைப் பூட்டிக்கொள்ளும். வாட்ச், மேக் இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும், அதில் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இருக்க வேண்டும், மேக்கில் வைஃபை, ப்ளூடூத் இரண்டும் ஆன் செய்திருக்க வேண்டும். அலுவலக மேக் என்றால் நிர்வாகமே இந்த வசதியைத் தடுத்திருக்கலாம், அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மேக்கை ரீஸ்டார்ட் செய்தால் முதல்முறை பாஸ்வேர்டை நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும், வாட்ச் உதவாது. மாதக்கணக்கில் தட்டாமலே இருந்து மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வப்போது கையாலேயே தட்டித் திறங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் இதே மாதிரி உள்ளேயே அமைந்த வசதி கிடையாது. டைனமிக் லாக் என்று ஒன்று இருக்கிறது, அது ப்ளூடூத்தில் இணைத்த போன் விலகிப்போனால் பூட்டும், திறக்காது. வாட்ச்சால் திறந்து தருகிறோம் என்று வரும் வெளி ஆப்களில், உங்கள் பாஸ்வேர்டையே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு ப்ளூடூத் பலத்தை மட்டும் பார்த்துத் திறப்பவை இருக்கின்றன. அவற்றை நான் நிறுவச் சொல்ல மாட்டேன். லேப்டாப்பில் கைரேகை சென்சார் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் விண்டோஸ் ஹலோ பின் (அந்த லேப்டாப்பைத் திறக்க மட்டும் நீங்கள் வைக்கும் எண்) போதும்.