படிப்பும் பயணமும்: ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போகும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

நான் படிப்பு முடித்துப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியதிலிருந்து, ஜெர்மனிக்குக் கிளம்பும் தம்பி தங்கச்சிகள் தேடி வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, படிச்சுக்கிட்டே நாலு நாடு பாக்க முடியுமா? வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கும் வந்துட்டுப் போயிரலாமா?"

ரெண்டும் முடியும். ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. தேர்வு நாள் எது, ஜெர்மனியில் தங்க அனுமதிக்கும் குடியிருப்பு அட்டை எந்தத் தேதியோடு முடிகிறது, இந்த ரெண்டையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சம் கிடக்கும் நாள்களில் பயணத்தை வையுங்கள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், விசா, செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட், அறை தேடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. போய் இறங்கி, வகுப்பு ஆரம்பித்த பிறகு செய்ய வேண்டியது மட்டும்.

படி 1: ஆறு மாதத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைப் பருவம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்பு நடப்பது இதற்குள் ஒரு பகுதிதான். பொதுவாக அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை, பிறகு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு அல்லது கடைசி வரை. தேர்வுகள் அதையொட்டி வரும்.

இதை நம்ம ஊர் நாள்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். தீபாவளி வரும்போது வகுப்பு சூடு பிடித்திருக்கும். பொங்கல் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் வரும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஜூன், ஜூலையில், கோடைப் பருவத்தின் உச்சத்தில். இந்த மூன்றுக்கும் ஊருக்கு வரும் ஆசையைப் படிக்கும் ரெண்டு வருஷமும் தள்ளி வையுங்கள். பங்குனி உத்திரம் மட்டும் நமக்குத் தோதாக அமையும். அது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் பாதியிலோ, வகுப்பில்லாத நாள்களில் வரும். 2025-இல் ஏப்ரல் 11 அன்று வந்தது. எங்கள் வீட்டில் அம்மா போனில் கேட்பதும் அதைத்தான்: "ஏல, சாஸ்தா கோயிலுக்கு வந்துருவியா?" வரலாம். உத்திரம் ஏப்ரலில் தள்ளி வந்தால், சாமி கும்பிட்ட கையோடு திரும்பும் விமானம் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கிறிஸ்துமஸ்தான் ஊர். டிசம்பர் கடைசியில் ரெண்டு வாரம்போல வகுப்பு இருக்காது. போய்விட்டு வரலாம், தப்பில்லை. ஆனால் அந்த ரெண்டு வாரம் பிப்ரவரித் தேர்வுக்குப் படிக்க வேண்டிய காலமும்கூட. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் மார்ச்சில் வேறு பயணம் வேண்டாம் என்பேன்.

படி 2: விடுமுறை எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

"ரெண்டு மாசம் லீவு" என்று எல்லாரும் சொல்வார்கள். அதை அப்படியே நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். 30 என்றே வைத்தால் 900 மணி நேரம். வகுப்பு நடக்கும் 15 வாரமும் வாரத்துக்கு 45 மணி நேரம் உழைத்தால் 675. தேர்வு நடக்கும் மூன்று வாரம் வாரத்துக்கு 50 என்றால் 150. மீதி 75 மணி நேரம், அதாவது ரெண்டு வார வேலை, விடுமுறைக்குள் வந்து விழும். கட்டுரை எழுதிக் கொடுப்பது, ஆய்வகப் பயிற்சி, புராஜெக்ட் அறிக்கை எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. முதலில் இந்த ரெண்டு வாரத்தையும் நாள்காட்டியில் அடைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேர்வுக்குப் பெயர் கொடுங்கள், இரண்டாம் தேதியையும் குறியுங்கள்

நம்ம ஊர்க் கல்லூரியில் கட்டணம் கட்டினால் ஹால் டிக்கெட் தானாக வரும். அங்கே பெரும்பாலான துறைகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் நாமே இணையத்தில் பெயர் பதிய வேண்டும். அதற்குச் சில வாரம்தான் அவகாசம். அந்த வாரங்களில் நீங்கள் செக் நாட்டுப் பிராகாவில் சுற்றிக்கொண்டு இருந்தாலும் போனில் பதிந்துவிடலாம். ஆனால் தேதி நினைவில் இருக்க வேண்டும்.

பல துறைகளில் ஒரே பாடத்துக்கு இரண்டாவது தேர்வுத் தேதி உண்டு. அது பெரும்பாலும் பருவத்தின் கடைசியில், செப்டம்பர் இறுதியிலோ மார்ச் இறுதியிலோ வரும். முதல் தேர்வு சரியாகப் போகாது என்று சந்தேகம் இருக்கும் பாடத்துக்கு அந்தத் தேதியையும் தாளில் எழுதிவிடுங்கள். ஊர்ப் பயணத்தை முதல் தேர்வு முடிந்ததும் வைத்து, இரண்டாம் தேதிக்குப் பத்து நாள் முன்னால் திரும்பினால் மனசு நிம்மதியாக இருக்கும்.

படி 4: குடியிருப்பு அட்டை

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என்னை மாட்டவைத்தது இதுதான், என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் மாட்டுவதும் இதில்தான்.

அட்டை செல்லுபடியாக இருக்கும்வரை கவலை இல்லை. பாஸ்போர்ட்டும் அட்டையும் கையில் இருந்தால் ஒரே விசா ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு, அதாவது ஷெங்கன் நாடுகளுக்கு, தனி விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை. ஜெர்மனியில் இருக்கும் நாள்கள் அந்தத் தொண்ணூறில் சேராது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு போகாமலே இருந்தவர்கள் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ருமேனியா, பல்கேரியா நாடுகளின் தரை எல்லையும் சேர்ந்து, ஷெங்கனில் 29 நாடுகள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. இங்கிலாந்தும் அயர்லாந்தும் இல்லை, அங்கே போக நமக்குத் தனி விசா வேண்டும்.

சிக்கல் அட்டை முடியும்போது வருகிறது. எனக்கு அது சரியாக ஊருக்கு வர நினைத்த மாதத்தில் முடிந்தது. நீட்டிக்க விண்ணப்பம் போட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து நேரம் ஒதுக்கி வரவேண்டிய கடிதம் வாரக்கணக்கில் வரவில்லை. பல ஊர்களில் இதுதான் நிலைமை. இந்த இடைவெளிக்கு அவர்கள் கொடுப்பது ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற மடிப்புத் தாள். நம்ம பிள்ளைகள் சுருக்கமாக "ஃபிக்ஷன்" என்பார்கள்.

அந்தத் தாளுக்குள் மூன்று கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது கட்டம், அதாவது குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால், பழைய அனுமதி தொடர்வதாகக் கொள்ளப்படும். ஜெர்மனியை விட்டு வெளியே போய்த் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அந்தத் தாளை வைத்துத் திரும்பி வர முடியாது. நாலாவது உட்பிரிவு கிடைக்க நம்பக்கூடிய வழி, கையிலிருக்கும் அனுமதி முடியும் *முன்பே* நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது. மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான மின்னஞ்சலை அச்சடித்து வையுங்கள். நேரம் கிடைக்கவில்லையென்றால், டிக்கெட் நகலை இணைத்து "இந்தத் தேதியில் பயணம், ஃபிக்ஷன் தேவை" என்று ஜெர்மன் மொழியில் எழுதிக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

அந்தத் தாளோடு பயணம் போனால் பழைய அட்டையையும் எடுத்துப் போக வேண்டும். திரும்பும்போது வளைகுடா வழியாக நேரே ஜெர்மன் விமான நிலையத்தில் இறங்கும் டிக்கெட்டாகப் பாருங்கள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாக மாறி வருவது வேண்டாம். அங்கே இருக்கும் அதிகாரிக்கு ஜெர்மன் தாளைப் பற்றிப் புரியவைக்க வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்திலும் கவுண்ட்டரில் இருப்பவர் இந்தத் தாளைப் பார்த்திருக்க மாட்டார். சீக்கிரமே போய் வரிசையில் நில்லுங்கள், மேலதிகாரியைக் கேட்டுவரச் சொல்லுங்கள், பதறாதீர்கள்.

இன்னொன்று: ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் பொதுவாக அனுமதி காலாவதியாகிவிடும். ஆய்வேட்டை ஊரிலிருந்தே எழுதலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

படி 5: ஊருக்கு எந்த வழி

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். அங்கிருந்து நாகர்கோவில், வள்ளியூர் வழியாக ரயிலிலோ பஸ்ஸிலோ வந்துவிடலாம். தென்காசி, செங்கோட்டைப் பிள்ளைகள் ஆரியங்காவு வழியாக இறங்குவார்கள். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஓணம் வரும். வளைகுடாவிலிருந்து கேரளத்துக்கு வரும் விமானங்களில் அந்த நாள்களில் கட்டணம் ஏறும். அப்போது சென்னைக்கும் மதுரைக்கும் விலை பாருங்கள். சென்னையில் இறங்கினால் எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், பகலில் என்றால் 2023 செப்டம்பரில் விட்ட வந்தே பாரத். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். 120 நாள் என்று இன்னும் பழைய கணக்கில் சொல்பவர்களை நம்ப வேண்டாம், 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள்.

திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய்யும் ஊரிலேயே இருக்கட்டும். பால், இறைச்சிப் பொருள்களை நம் நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு.

படி 6: வாரக் கடைசிப் பயணம்

படிப்பைக் கெடுப்பது நீண்ட விடுமுறைப் பயணம் இல்லை. வெள்ளி சாயங்காலம் கிளம்பி, திங்கள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி, தூக்கத்தோடு வகுப்பில் உட்காரும் பயணங்கள்தான். மாதத்துக்கு ஒன்று போதும். சனி காலை போய் ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் அறைக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு, ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டைப் போல எதுவும் இல்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58, 2026-இல் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குப் பருவக் கட்டணத்தோடு சேர்த்தே குறைந்த விலையில் வந்துவிடும். நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாம் அதில் போகலாம், அதிவேக ஐசிஇ ரயிலில் முடியாது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் நிலையம் வரை அந்த டிக்கெட் செல்லும். ஜெர்மன் எல்லை ஊரான கேல் நிலையத்தில் இறங்கினால் ரைன் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கால் வைக்கலாம். எனக்கு ரயில்தான் பிடிக்கும், மலிவு பஸ் இரண்டாம் பட்சம். ரயிலில் மேசை உண்டு, படிக்கலாம். படிக்க வேண்டிய கட்டுரைகளைச் சோட்டெரோ என்ற மென்பொருளில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டார ரயிலில் இணையத்தை நம்ப முடியாது. நாள் குறிக்கத் திட்டமிடல் செயலிகள் எதையும் நான் சொல்ல மாட்டேன். கூகுள் காலண்டரும் சுவரில் ஒரு தாளும் போதும்.

பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும். 2024 செப்டம்பர் 16-இலிருந்து ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்தது. பஸ்ஸை நிறுத்தி ஏறிப் பார்ப்பார்கள், போனில் இருக்கும் படம் செல்லாது.

பிற்சேர்க்கை 1: பணம், வேலை, காப்பீடு

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு பயணம் போக விடுப்புத் தருவார்களா என்று. தருவார்கள். மாணவர் வேலையானாலும் உழைத்த நாள்களுக்கேற்பச் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம். 2024 மார்ச் முதல் மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பயணச் செலவுக்கு இந்தப் பணத்தை எடுங்கள், பிளாக்டு அக்கவுண்டில் மாதாமாதம் வருவது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்.

அங்கே கட்டும் மாணவர் மருத்துவக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. ஊருக்கு வரும்போது வெளிநாட்டுப் பயணக் காப்பீடு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் திட்டங்களில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்று வரம்பு இருக்கும், அதைப் படித்துவிட்டு எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஊரில் இருக்கும்போது வரும் கடிதங்கள்

இதைப் பலரும் கேட்டதால் சேர்க்கிறேன். ஜெர்மனியில் முக்கியமான சேதி இன்னும் தபாலில்தான் வரும். தபால் பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை உறைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த பருவத்துக்கான ரூக்மெல்டுங் (மறுபதிவு) கட்டணக் கெடுவும் பெரும்பாலும் நாம் ஊரில் இருக்கும் மாதங்களில்தான் வரும். கட்டாமல் விட்டால் அபராதம், அதற்கும் மேலே போனால் பதிவே ரத்தாகும். கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் வங்கிச் செயலி இங்கிருந்து வேலை செய்கிறதா, ஜெர்மன் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி இங்கே கிடைக்குமா என்று அங்கேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பெரும்பாலும் பதிவு செய்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு. ஊர்ப் பயணத்துக்காக அதை நீட்டித் தர மாட்டார்கள். முதலில் ஊருக்கு வந்து அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பதியுங்கள்.