அய்லாந்தஸ் வலைப்புழு அந்துப்பூச்சியை இனங்காணும் முறை

அட்டேவா ஆரியா என்னும் அறிவியல் பெயருடைய இந்தச் சிறு அந்துப்பூச்சி, அமர்ந்திருக்கும்போது இறகுகளை உடலைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்திக்கொள்வதால், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் இதை முதன்முறை காண்பவர் வண்டு என்றே எண்ணிவிடக்கூடும். ஆகவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அமைப்பைக் கவனியுங்கள். வண்டாக இருந்தால் கெட்டியான மேலிறகுகள் இரண்டும் முதுகின் நடுவே நேர்க்கோடாகச் சந்திக்கும்; பூவில் சுருள் விரித்துத் தேன் உறிஞ்சும் மெல்லிய குழல் தென்பட்டாலோ அது வண்டு அன்று.

அடுத்து முன்னிறகின் கோலம். ஆரஞ்சு நிறத் தளத்தின் குறுக்கே கருநிறப் பட்டைகள் ஓடும். அவற்றினுள் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஆரஞ்சின் அழுத்தம் பூச்சிக்குப் பூச்சி மாறுபடும் என்பதால் புள்ளிகளின் வரிசையையே நம்புவது நல்லது. ஹைப்போபிரெப்பியா பேரினத்து அந்துப்பூச்சிகளோடு குழப்பம் நேரலாம். ஆனால் அவற்றின் முன்னிறகில் பட்டைகள் நீளவாக்கில் செல்லும், இத்தகைய புள்ளிக்கூட்டம் இராது. பின்னிறகு புகைச்சாம்பல் நிறம். அதைக் காண்பதற்காகப் பூச்சியைப் பிடித்து விரிக்க வேண்டியதில்லை, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரு படங்களே போதும். விரித்த நிலையில் இரு பக்க இறகு நுனிகளுக்கு இடையிலான அகலம் 18 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

பகலில் கோல்டன்ராட் போன்ற பூக்களிலும், இரவில் விளக்கொளியிலும் தேடலாம். அருகில் அய்லாந்தஸ் மரம் இருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். சிற்றிலையின் அடிப்பகுதியில் சுரப்பியுடன் கூடிய ஓரிரு பற்களும், கசக்கினால் எழும் கெட்ட நாற்றமும் அந்த மரத்தைக் காட்டிக்கொடுக்கும். புழுக்கள் அதன் இலைகளை மெல்லிய நூலால் பின்னி, கூட்டமாக வாழும். இவற்றின் பழைய உணவு தெற்கு ஃபுளோரிடாவிலும் அதற்குத் தெற்கேயும் வளரும் சீமரூபா மரம். சீனாவைச் சேர்ந்த அய்லாந்தஸ் 1784இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து, பின்னர் எங்கும் பரவியதால்தான் பூச்சிக்கு வடக்கிலும் உணவு கிடைத்தது. வடக்கின் கடுங்குளிரை அது தாங்காது. ஆண்டுதோறும் தெற்கிலிருந்து பறந்து வருவதால் கோடையின் பிற்பகுதியே அங்கே தேடுவதற்கு உகந்த காலம்.

பழைய கையேடுகளில் இதே பூச்சி அட்டேவா பங்டெல்லா என்ற பெயரில் இருக்கும். 2010இல் வெளியான டிஎன்ஏ அடிப்படையிலான ஆய்வு, அந்த ஒரே பெயரில் அடக்கப்பட்டிருந்த பூச்சிகளை இரு தனித்தனி இனங்களாகப் பிரித்ததால், வட அமெரிக்கப் பதிவுகளுக்கு ஆரியா என்ற பெயரையே எழுத வேண்டும்.